தொண்டை வலி யாருக்கு ஆபத்தாக முடியும்?

ஏழு வயது மகனுக்கு அடிக்கடி தொண்டை வலி வருவதாகவும், யாருக்கு அது சிக்கலாக மாறும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லன்; என் தம்பிக்கு நேர்ந்ததால் எழுதுகிறேன்.

1979-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், நகராட்சி கட்டிக்கொடுத்த இரண்டு அறை வீட்டில் நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். ஒன்பது வயதுத் தம்பிக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தது. இருமலோ சளியோ இல்லை, கழுத்தில் நெறி கட்டியிருந்தது. மருத்துவர் பத்து நாளைக்குப் பெனிசிலின் கொடுத்தார். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டதால் மருந்தை நிறுத்திவிட்டு, அடுத்த பிள்ளைக்கு ஆகும் என்று மீதியை எடுத்து வைத்தோம். மூன்று வாரம் கழித்து அவனுக்கு முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் முழங்கை வீங்கியது. வளர்கிற பிள்ளைக்குக் கைகால் வலிக்கத்தான் செய்யும் என்றார்கள் பெரியவர்கள். மாடிப்படி ஏறும்போது அவனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் அது, தொண்டைத் தொற்றுக்குப் பின் மூட்டையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் என்றும், இதய வால்வு கெட்டுவிட்டது என்றும் தெரிந்தது. பிறகு பல ஆண்டுகள் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில் பெனிசிலின் ஊசி. இருபத்து நான்கு வயதில் செயற்கை வால்வு. இன்றுவரை இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை.

எல்லாத் தொண்டை வலிக்கும் ஆன்டிபயாட்டிக் கேட்கச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். பெரும்பாலானவை வைரஸால் வந்து தாமே ஆறுகின்றன. மூக்கொழுகலும் இருமலும் சேர்ந்திருந்தால் அநேகமாக அப்படித்தான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வந்ததுதான் ருமாட்டிக் காய்ச்சலில் முடியக்கூடியது. ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் இருப்பவர்கள், நெருக்கடியான வீட்டில் வாழ்பவர்கள், குடும்பத்தில் இந்நோய் கண்டவர்கள், எல்லாரையும்விட முன்பே ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் பெனிசிலின் ஆரம்பித்தாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும். நீரிழிவு உள்ளவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் தொண்டையில் சீழ்க்கட்டி போன்ற வேறு சிக்கல்களுக்கும் அஞ்ச வேண்டும். தைராய்டுக்குக் கார்பிமசோல் என்ற மாத்திரை உட்கொள்பவருக்குத் தொண்டை வலித்தால், அம்மருந்து வெள்ளணுக்களைக் குறைத்திருக்கக்கூடும் என்பதால், அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

2005-இல் எங்கள் மாநிலத்து டிராகன்ஸ்பர்க் மலைப்பகுதியில் ஆப்பிரிக்க மருத்துவர்கள் கூடி, இந்நோயைத் தடுப்பதற்காகவே ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். அதில் சொன்னவை எங்கள் வீட்டுக்கு இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை. பனிக்கட்டித் தண்ணீர் கொடுத்துப் பிள்ளையைக் கெடுத்தாள் என்று உறவினர்கள் அம்மாவைச் சொன்ன பழியை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. குளிர்ந்த நீர் ருமாட்டிக் காய்ச்சலை உண்டாக்காது. அம்மா அதை அறியாமலே இறந்துபோனார்.

உங்கள் மகனுக்கு மருந்து எழுதித் தந்தால், காய்ச்சல் விட்டாலும் சொன்ன நாள்வரை கொடுங்கள். அடுத்த மூன்று நான்கு வாரத்தில் மூட்டு வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் கருத்தாலோ, முன்பு தொண்டை வலி வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நாங்கள் அதைச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.