எதிரில் அமர்ந்து கேட்டவர்
வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், பயண நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆண்டனி போர்டெய்ன் மறைந்த ஜூன் 8-ஆம் தேதியை ஒட்டி நான்கு வரியில் ஒரு நினைவுக் குறிப்பு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எல்லையோர ஊர்களிலிருந்து இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனவே இந்த வாரப் பக்கம் முழுவதையும் அவருக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: அவர் பேசிய ஆங்கிலத்தில் பாதி எனக்குப் புரிந்ததே இல்லை. ஆனாலும் உங்கள் குறிப்பைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. நேரில் பார்த்தே இராத ஓர் அந்நிய நாட்டவருக்காக மனம் ஏன் இப்படி வலிக்கிறது, அம்மா?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: உங்கள் ஊரில் எங்கள் குடும்பம் பல ஆண்டுகள் ஓர் உணவகம் நடத்தியது. இரவு பதினொரு மணிக்குக் கடைசி இலையை எடுத்த பிறகு, பரோட்டா மாஸ்டர் கல்லைத் தேய்த்துக் கழுவிவிட்டு, தோளில் துண்டுடன் பெஞ்சில் உட்கார்ந்து சிறிது நேரம் தொலைக்காட்சி பார்ப்பார். ஒருநாள் போர்டெய்னின் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. எந்த நாடு என்பது எனக்கு நினைவில்லை. ஒரு சின்னக் கடையின் அடுப்படிக்குள் அவர் நுழைகிறார். சமைப்பவர் கொதிக்கும் சட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பும் முன்பே, யாரும் சொல்லாமல் அரை அடி பின்வாங்கிச் சுவரோடு ஒட்டி நின்றுகொள்கிறார். மாஸ்டர் உடனே, “இந்த ஆளு அடுப்படியில நின்னவருங்க, பாருங்க, வழி விடத் தெரியுது” என்றார். அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது. போர்டெய்ன் சமையற்காரர் என்பதும் அன்றுவரை அவருக்குத் தெரியாது.

உங்கள் கேள்விக்கு அந்த அரை அடிதான் என் பதில். மற்ற தொகுப்பாளர்கள் ஓர் ஊரை நமக்குக் காட்டினார்கள். இவரோ அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு எதிரில் அமர்ந்து, தட்டை அருகில் இழுத்துக்கொண்டு, ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் முடியும்வரை காத்திருந்தார். எதிரில் இருப்பவர் சொல் தேடித் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் பொறுத்துக்கொண்டார். நம் வீட்டுத் திண்ணைக்கு வந்திருந்தாலும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்ற எண்ணம் பார்ப்பவர் மனத்தில் பதிந்துவிட்டது. வந்து உண்டுவிட்டுப் போன விருந்தாளி இறந்துவிட்டதாகச் செய்தி வந்தால் வலிக்கத்தானே செய்யும்?

கேள்வி: என் மகன் கேட்டரிங் படிக்கிறான். போர்டெய்ன் முறையாகச் சமையல் படித்தவரா? தொலைக்காட்சிக்கு எப்படி வந்தார்?
– ஒரு வாசகர், குமுளி

பதில்: படித்தவர்தான். ஆனால் அதற்கு முன்பே, கடலோர ஊர் ஒன்றின் உணவகத்தில் தட்டுக் கழுவும் வேலையில் தொடங்கியவர். 1956-இல் நியூயார்க்கில் பிறந்து, அமெரிக்காவின் புகழ்பெற்ற சமையற்கலைக் கல்லூரியில் 1978-இல் பட்டம் பெற்று, பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் அடுப்படியிலேயே காலம் கழித்தார். உணவகங்களின் உள்ளே நடப்பதை அப்பட்டமாகச் சொல்லி 1999-இல் ஒரு வார இதழில் அவர் எழுதிய கட்டுரை மறு ஆண்டு நூலாக விரிந்தது; அந்த நூல்தான் அவரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. முதல் பயணத் தொடர் 2002-இல் வந்தது. அதன்பின் ‘நோ ரிசர்வேஷன்ஸ்’ 2005 முதல் 2012 வரையும், சி.என்.என். தொலைக்காட்சியில் ‘பார்ட்ஸ் அன்நோன்’ 2013 முதல் 2018 வரையும் ஓடின. கேமராவுக்கு முன் அவர் வந்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது என்பதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள். கேரளத்துக்கும் வந்து ஒரு நிகழ்ச்சி எடுத்தார். 2010-இல் ஒளிபரப்பான அதில், படப்பிடிப்புத் தளத்துக்கே போய் மம்முட்டியைச் சந்தித்திருக்கிறார்.

கேள்வி: துடிக்கும் பாம்பின் இதயத்தை விழுங்கியவர், சைவ உணவுக்காரர்களைக் கடுமையாக ஏசியவர். அவரை இவ்வளவு உயர்த்திப் பேசுவது தகுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கல்பாத்தி

பதில்: நீங்கள் சொல்வது இரண்டும் உண்மை, ஐயா. வியட்நாமில் நாகப்பாம்பின் இதயத்தை அவர் விழுங்கியது முதல் தொடரில் இருக்கிறது. என்னால் அந்தக் காட்சியை முழுதாகப் பார்க்க முடிந்ததில்லை. பார்வையாளரை அதிர வைப்பதற்காக எடுக்கப்பட்ட காட்சி என்றே இன்றும் நினைக்கிறேன். சைவ உணவுக்காரர்களைப் பற்றி அவர் தொடக்கத்தில் எழுதியவையும் நியாயமானவை அல்ல.

ஆனால் பஞ்சாபுக்குச் சென்று அவர் எடுத்து, 2014-இல் ஒளிபரப்பான நிகழ்ச்சியைத் தாங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். இறைச்சியே இல்லாத ஓர் உணவை முழு மனத்துடன் சுவைத்து, சைவமாக உண்பது தனக்குச் சுமையாகத் தோன்றாத மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று என்று, தன் பழைய பேச்சுக்கு மாறாக அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். உலகமே கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒருவர் தன் கருத்தை மாற்றிக்கொள்வது எளிதன்று. இன்னொன்றும் அவரிடம் உண்டு. பாட்டி வீட்டில் பரிமாறியது பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், வாயைத் திறந்து குறை சொல்லாமல் உண்டு, நன்றி சொல்லிவிட்டு எழ வேண்டும் என்பதைப் பயணத்தின் முதல் விதியாக வைத்திருந்தார். தங்கள் அக்ரகாரத்தில் தேர்த்திருவிழாவுக்கு வரும் விருந்தாளியிடம் தாங்கள் எதிர்பார்ப்பதும் இதைத்தான் அல்லவா?

கேள்வி: எங்கள் தாத்தா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒப்பந்தப்படி இங்கே அனுப்பப்பட்டவர். நாங்கள் மூன்று தலைமுறையாக ரப்பர் தோட்டத்தில் இருக்கிறோம். போர்டெய்ன் இலங்கைத் தமிழர்களைப் பற்றி ஏதேனும் சொல்லியிருக்கிறாரா?
– ஒரு வாசகி, புனலூர் அருகே

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தேன். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் திருப்பி அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்களில் பல புனலூர்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. செங்கோட்டைக்கு இப்பால் இருப்பவர்களில்கூடப் பலருக்கு இது தெரியாது.

போர்டெய்ன் இலங்கைக்கு இரண்டு முறை நிகழ்ச்சி எடுக்கச் சென்றார். முதல் முறை 2008-இல், போர் நடந்துகொண்டிருந்த காலம். அப்போது வடக்கே செல்ல வழியில்லை. 2017-இல் ஒளிபரப்பான இரண்டாவது நிகழ்ச்சியில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் போனார். அந்தத் தடத்தில் 1990-இல் நின்றுபோன யாழ்தேவி ரயில், இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து 2014 அக்டோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணத்தைத் தொட்டது. விமானத்தில் விரைவாகப் போயிருக்கக்கூடியவர், அந்தப் பாதை வழியே மணிக்கணக்கில் உட்கார்ந்து போனதே ஒரு மரியாதை என்று எனக்குப் படுகிறது. போரைக் கடந்து வந்த தமிழர்களோடு அமர்ந்து உண்டு, அவர்கள் இழந்ததை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தார். உலகம் முழுவதும் பார்க்கும் ஓர் உணவு நிகழ்ச்சியில், ‘காணாமல் போனவர்கள்’ என்ற சொல்லுக்கு நம்மவர்களுக்கு இருக்கும் கனத்தைப் புரிந்துகொண்டு பேசிய வேற்று நாட்டவர் வேறொருவரை நான் பார்த்ததில்லை. உங்கள் தாத்தாவின் மலையகக் கதை வேறு, யாழ்ப்பாணத்தின் கதை வேறு. அதை நான் மறக்கவில்லை. அந்தக் கதையை நீங்களே எழுதி அனுப்பினால் இந்த இதழில் வெளியிட ஆசிரியரிடம் கேட்கிறேன்.

கேள்வி: எல்லாம் கிடைத்த மனிதர் ஏன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்? அந்தச் செய்தி வந்த நாள் முதல் இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.
– ஒரு வாசகர், கோபாலபுரம் சோதனைச்சாவடி அருகே

பதில்: 2018 ஜூன் 8, வெள்ளிக்கிழமை. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் கைசர்ஸ்பெர்க் என்னும் சிற்றூரில், அடுத்த நிகழ்ச்சிக்கான படப்பிடிப்பின் இடையில் அவர் இறந்தார். வயது 61. உடன் பணியாற்றிக்கொண்டிருந்தவர் அவருடைய நெருங்கிய நண்பரும் சமையற்கலைஞருமான எரிக் ரிப்பெர். இதற்கு மேல் காரணம் தேடி நான் எழுத மாட்டேன். ஒரு மனிதரின் கடைசி இரவை வெளியிலிருந்து பார்த்து விளக்கம் சொல்லும் உரிமை நமக்கு இல்லை என்பதே என் உறுதியான எண்ணம். வெளியே சிரித்து, பேசி, ஊர் ஊராக அலைந்தவரின் உள்ளே எத்தகைய துயர் இருந்தது என்பதை அருகில் இருந்தவர்களாலும் அறிய முடியாமல் போகலாம்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை இரண்டு முறை படித்தேன், தம்பி. அந்தக் கேள்வி உங்களை விடவில்லை என்பது அவரைப் பற்றியது மட்டும்தானா, உங்களைப் பற்றியதும் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களைப் பற்றியதும் உண்டென்றால், இன்றே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். டெலி மானஸ் என்னும் அரசு உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். எனக்கு மறுபடியும் எழுதுங்கள். கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி: நான் அவருடைய நிகழ்ச்சி எதையும் பார்த்ததில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?
– கல்லூரி மாணவி ஒருவர், களியக்காவிளை

பதில்: லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் 2006-இல் எடுத்த நிகழ்ச்சி. விருந்தும் கொண்டாட்டமுமாக ஒரு நிகழ்ச்சி எடுக்கப் போன இடத்தில் போர் மூண்டு, விடுதியில் சிக்கி, கடைசியில் அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் அவரும் குழுவினரும் வெளியேற்றப்பட்டார்கள். உணவைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் திரும்பும் போர்டெய்னை அதற்குப் பிறகு அதிகம் பார்க்க முடியாது. அடுத்தது வியட்நாம் தலைநகர் ஹனோயில் 2016-இல் எடுத்தது. அப்போது அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமாவும் அவரும் ஒரு சாதாரணக் கடையில் முதுகுச் சாய்வில்லாத பிளாஸ்டிக் முக்காலிகளில் அமர்ந்து, சுட்ட பன்றி இறைச்சியும் அரிசி நூடுல்ஸும் உண்கிறார்கள். இருவருக்கும் சேர்த்து ஏறக்குறைய 6 டாலர்தான் ஆனது, கொடுத்தவர் போர்டெய்ன். அந்த மேசையைக் கடைக்காரர்கள் இன்று கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள்.

கென்யாவைக் கடைசியாகப் பாருங்கள். அவர் இறந்தபின் 2018 செப்டம்பரில் ஒளிபரப்பான அதுதான், அவர் தம் குரலில் முழுமையாக விவரணை சொல்லி முடித்த கடைசி நிகழ்ச்சி. அதற்குப் பின் வந்தவற்றில் அந்தக் குரல் இல்லை, மற்றவர்கள்தான் பேசுகிறார்கள். நிகழ்ச்சியின் இறுதியில், உடன் பயணம் செய்த நகைச்சுவைக் கலைஞர் கமாவ் பெல்லோடு பரந்த சமவெளியைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார். இப்படி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை நம்ப முடியவில்லை என்கிறார் பெல். கேமராக்கள் நின்று, குழுவினரோடு உட்காரும்போது தானும் தன்னைக் கிள்ளிப் பார்த்துக்கொள்வதாகவும், இந்த வேலை தனக்கு வாய்த்ததை இன்னும் நம்ப முடியவில்லை என்றும் சொல்கிறார் போர்டெய்ன்.