பெனல்டி சரி, நின்ற இடம்தான் பிழை

கேள்வி: எனக்கு 22 வயது. பொங்கலுக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்த உதைபந்தாட்டப் போட்டிக்கு மத்தியஸ்தர் வராததால், விதிகள் கொஞ்சம் தெரியும் என்று என் கையில் விசிலைக் கொடுத்துவிட்டார்கள். கடைசி நேரத்தில் எங்கள் டிவிஷன் (தோட்டத்தில் நாங்கள் இருக்கும் பிரிவு) டீமுக்கு எதிராகப் பெனல்டி கொடுத்தேன். தடுத்து ஆடியவர் கையைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தார், பந்து அதில் பட்டது. நான் அப்போது நடுவட்டத்தில் நின்றேன். நாங்கள் தோற்றுப்போனோம். மாமா மகன் இன்னும் என்னோடு பேசுவதில்லை. ஆனாலும் எனக்கு இந்த வேலை பிடித்துவிட்டது. நான் கொடுத்தது சரியா? முறையாக மத்தியஸ்தராவது எப்படி?
- பெயர் வேண்டாம், பொகவந்தலாவை

பதில்: தம்பி, பெனல்டி சரிதான். கை உடம்போடு ஒட்டியிருக்கும்போது பந்து வந்து மோதினால் அது வேறு கதை. கையைத் தூக்கி உடம்பை இயல்புக்கு மீறிப் பெரிதாக்கிக்கொண்டால், வேண்டுமென்று தொடாவிட்டாலும் குற்றம்தான். 'வேணும்னா தொட்டான்?' என்று கரையில் நின்று கத்தியவர்களுக்கு இது தெரிந்திருக்காது.

ஆனால் நடுவட்டத்தில் நின்று கொடுத்தீர்கள் பாருங்கள், வம்பு அங்கேதான் தொடங்கியது. பத்துப் பதினைந்து மீற்றருக்குள் நிற்கும் மத்தியஸ்தர் பிழையாகவே கொடுத்தாலும் ஆட்டக்காரர்கள் முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நாற்பது மீற்றருக்கு அப்பால் நின்று சரியாகக் கொடுப்பவரைச் சும்மா விடமாட்டார்கள். 'அங்கயிருந்து உனக்கு என்ன தெரியும்?' என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வது? குரலை உயர்த்துவதும் முறைப்பதும் அட்டை காட்டுவதும் அப்புறம். முதலில் ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்கவேண்டும்.

ஓடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. மைதானத்தின் ஒரு மூலைப் பக்கமிருந்து எதிர் மூலைப் பக்கத்துக்குக் குறுக்காக ஓடுவது. பிறகு உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பிஃபாவின் தலைவராக இருந்த ஸ்டான்லி ரூஸ், தான் மத்தியஸ்தராக இருந்த காலத்தில் பரப்பிய வழி இது. இப்படி ஓடினால் பந்து பெரும்பாலும் உங்களுக்கும், கோட்டோரம் கொடியோடு நிற்கும் லைன்ஸ்மனுக்கும் நடுவில் இருக்கும், இரண்டு பக்கத்திலிருந்தும் கண் இருக்கும். நம் தோட்டங்களில் லைன்ஸ்மன் என்பவர் ஏதாவது ஒரு டீமின் ஆள்தானே? அதனால் ஆட்டம் தொடங்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்: 'பந்து வெளியே போனால் மட்டும் கொடியைத் தூக்குங்க, ஓப்சைட்டை நான் பார்க்கிறேன்.' பாதிச் சண்டை அங்கேயே குறைந்துவிடும். த்ரோ-இன், கோர்னர், கோல் கிக் மூன்றிலும் நேரே வரும் பந்துக்கு ஓப்சைட் (எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி முன்னால் நின்று பந்தை வாங்கும் பிழை) கிடையாது என்பதையும் இரண்டு கப்டன்மாருக்கும் ஞாபகப்படுத்துங்கள்.

ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தேயிலைச் சரிவு என்றிருக்கும் சின்ன மைதானத்தில் பந்து உங்கள் மேலேயே படும். 2019க்கு முன் அப்படியே விளையாடவிடுவார்கள். இப்போது உங்கள் மேல் பட்ட பந்து மைதானத்துக்குள்ளேயே நின்று எதிரணிக்குப் போனாலோ, நல்லதொரு தாக்குதல் தொடங்கினாலோ, நேரே கோலுக்குள் போனாலோ விசில் அடித்து, பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கவேண்டும்.

விதிகள் மொத்தம் 17தான். ஆனால் வருடாவருடம் ஏதாவது மாறும், மாற்றம் ஜூலை 1இல் நடைமுறைக்கு வரும். 2025இல் வந்தது ஒன்று: கோல்காப்பாளர் பந்தைக் கையில் எட்டு விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கோர்னர். கடைசி ஐந்து விநாடியை நீங்கள் கையை உயர்த்தி விரலால் எண்ணிக் காட்டவேண்டும். பழைய ஆட்டக்காரர்கள் இன்னும் 'ஆறு விநாடி, ஃப்ரீ கிக்' என்றுதான் சண்டைக்கு வருவார்கள். விதிகளை வெளியிடும் சர்வதேசச் சபையின் இணையத்தளத்தில் புத்தகம் இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலம் சிரமமாக இருந்தால் 11ஆம், 12ஆம் விதிகளை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். தகராறுகளில் பெரும்பகுதி ஓப்சைட்டும் ஃபவுலும்தான்.

உடம்பைப் பற்றியும் சொல்லவேண்டும். பிஃபா மத்தியஸ்தர்களுக்கு வைக்கும் ஓட்டச் சோதனையில் 40 மீற்றர் வேக ஓட்டம் ஆறு தடவை, பிறகு 75 மீற்றர் ஓட்டமும் 25 மீற்றர் நடையும் மாறிமாறி 40 தடவை. கூட்டிப் பார்த்தால் அந்த இரண்டாவது பகுதி மட்டும் நான்கு கிலோமீற்றர். உங்களுக்கு ஆரம்பத்தில் அவ்வளவு கேட்கமாட்டார்கள், ஆனால் பழகும் விதம் அதுதான். மலையேறிய கால்களுக்கு மூச்சுப் பிரச்சினை வராது. சமதரையில் திடீரென்று பாய்வதும், பின்னோக்கி ஓடுவதும், பக்கவாட்டில் நகர்வதும்தான் நமக்குக் கொஞ்சம் இடறும். நேரம் பார்க்க ஒருவர் வேண்டும், மாமா மகனைக் கூப்பிடுங்கள். வந்தாலும் வருவார்.

விசில் வாங்கும்போது உள்ளே உருண்டை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். மழையிலும் பனியிலும் உருண்டை ஈரமாகி ஒட்டிக்கொண்டால் சத்தமே வராது. சாதாரண ஃபவுலுக்குக் குட்டையாக, பெனல்டிக்கு நீளமாக, பலமாக ஊதுங்கள். குறிப்புக்குப் பென்சில்தான், பேனா மை நனைந்தால் பரவிவிடும். மஞ்சள் அட்டை சட்டைப் பையில், சிவப்பு கால்சட்டைப் பையில். மூடுபனி இறங்கி, ஒரு கோலிலிருந்து மற்றக் கோல் தெரியாவிட்டால் ஆட்டத்தை நிறுத்துங்கள், பரிசளிக்க வந்தவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் சரி.

இனி, முறையாக நுழைவதற்கு. உங்கள் பகுதி உதைபந்தாட்ட லீக்கின் செயலாளரைப் பிடியுங்கள். ஹட்டன் டன்பார் மைதானத்தில் போட்டி நடக்கும் நாளில் போய், விசில் பிடிக்கும் மத்தியஸ்தரிடம் கேட்டாலும் வழி சொல்வார். பயிற்சி வகுப்பு, எழுத்துப் பரீட்சை, ஓட்டச் சோதனை என்று போகும். அதுவரை பாடசாலைச் சின்னப் பிள்ளைகளின் மெட்சுகளில் கொடி பிடியுங்கள், விசில் ஊதுங்கள். சொந்த டிவிஷன் விளையாடினால் மட்டும் 'வேற ஆளைப் பாருங்க' என்று மறுத்துவிடுங்கள். உங்கள் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் தோற்கிற பக்கம் அதை நம்பவேண்டுமே. ஆரம்ப காலத்தில் கைக்கு வரும் காசு பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகிவிடும், அதனால் இப்போது செய்கிற வேலையை விட்டுவிடாதீர்கள்.