மறு: சிபி750-ல் ஆயில் மாயமாகிறது

மூன்று மாதம் நின்ற ஹோண்டா சிபி750 பைக்கில் ஆயில் குறிக்குக் கீழே போய்விட்டது, தரையில் ஒரு சொட்டுகூட இல்லை என்கிறீர்கள். அவசரப்பட்டு ஊற்றிவிடாதீர்கள். 1969-ல் ஹோண்டா கொண்டுவந்த இந்த 736 சிசி வண்டியில் ஆயில் எஞ்சினுக்கு அடியில் தங்குவதில்லை. வலப்பக்க மூடிக்குள் தனித்தொட்டி. நெடுநாள் நின்றால் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க்கேஸுக்கு, அதாவது எஞ்சினின் அடிக்கூட்டுக்கு, இறங்கிவிடும். (நானும் ஒருமுறை ஏமாந்து ஊற்றி, ஆயில் மிஞ்சி வழிந்து, அப்புறம் ஏர் ஃபில்டரையே துடைத்தேன்.)

தொட்டியில் கொஞ்சமாவது இருந்தால், ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். பிறகு ஆயில் அளவுக் குச்சியைப் பாருங்கள், மட்டம் ஏறியிருக்கும். சுத்தமாகக் காலியென்றால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். தொட்டி, கிராங்க்கேஸ் இரண்டையும் வடித்துப் புது ஆயில் மாற்றுங்கள். அடிக்கடி இறங்கினால் பம்பிலுள்ள தடுப்பு வால்வின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போயிருக்கும், மலிவான சாமான்தான்.