ஹாஸ்டல் அறையில் ஒருவருக்கு மட்டும் வைத்தியம் செய்தால் போதுமா?

கேள்வி: கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஹாஸ்டலில் ஓர் அறைக்கு நான்கு பேர். இரண்டு மாதமாக உடம்பெல்லாம் அரிப்பு. பகலில் பரவாயில்லை, ராத்திரி படுத்தால் தூங்கவே முடியவில்லை. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, இடுப்பு, சொல்லக் கூச்சமான இடத்தில் எல்லாம் சின்னச் சின்னக் கொப்புளங்கள். மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த களிம்பைப் போட்டால் நாலு நாள் அடங்குகிறது, அப்புறம் பழையபடி. ஒரு டாக்டர் இரவு முழுக்கத் தடவி வைக்கும் கிரீம் எழுதித் தந்தார். அதில் நன்றாகக் குறைந்தது, இரண்டு வாரத்தில் திரும்பிவிட்டது. ஹாஸ்டல் உப்புத் தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள் நண்பர்கள். கத்தரிக்காய், கருவாடு தொடாதே என்கிறார் அம்மா. இப்போது ரூம்மேட் ஒருவனும் சொறிய ஆரம்பித்துவிட்டான். தீபாவளிக்கு வீட்டுக்குப் போய் வந்த பிறகு தங்கைக்கும் அரிப்பாம். பொங்கலுக்கு அக்கா ஆறு மாதக் குழந்தையோடு வருகிறாள். நான் ஊருக்குப் போகலாமா?

பதில்: நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லக் கூடாதுதான். ஆனால் ராத்திரியில் கூடும் அரிப்பு, விரல் இடுக்கு, கூடவே படுத்தவர்களுக்கும் அதே தொல்லை என்று மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் நினைக்க வேண்டியது ஸ்கேபிஸ். நம் வீடுகளில் சொறி சிரங்கு என்று சொல்வது இதைத்தான். உப்புத் தண்ணீர் தோலை வறட்சியாக்கும், முழங்காலுக்குக் கீழே அரிக்கும், தேங்காய் எண்ணெய் தடவினால் அடங்கும். அது விரல் இடுக்கைத் தேடிப் போகாது. ஊரில் வேறு தண்ணீரில் குளிக்கும் தங்கையை அரிக்கவும் வைக்காது. கத்தரிக்காயைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

இதற்குக் காரணம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிற்றுண்ணி. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பெண் உண்ணி தோலின் மேலடுக்கில் வளை தோண்டி, நாளுக்கு இரண்டு மூன்று முட்டை இட்டுக்கொண்டே போகும். உடம்பு முழுக்கச் சொறிகிறவர் மீது ஆயிரக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும் என்று நினைக்காதீர்கள். சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு பெண் உண்ணிகள்தான். அரிப்பு அவற்றின் கடியால் வருவதில்லை. உண்ணி, அதன் முட்டை, கழிவு ஆகியவற்றுக்கு எதிராக நம் உடம்பு காட்டும் ஒவ்வாமை அது. அதனால்தான் உண்ணி இல்லாத இடத்தில்கூட அரிக்கிறது.

உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. முதல்முறை தொற்றும்போது இந்த ஒவ்வாமை உருவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அத்தனை வாரமும் அந்த ஆளுக்கு அரிப்பே இருக்காது, ஆனால் உண்ணி இருக்கும், அடுத்தவருக்கும் போகும். தீபாவளிக்குப் பக்கத்தில் படுத்த தங்கை இப்போதுதான் சொறிகிறாள் என்றால் கணக்கு சரியாக வருகிறது. உங்கள் அறையில் ஒருவன் சொறிகிறான், மற்ற இரண்டு பேர் சும்மா இருக்கிறார்கள். அந்த இருவருக்கும் தொற்றவில்லை என்று யார் சொன்னது? டாக்டர் கொடுத்த கிரீம் சரியான மருந்தாகத்தான் இருக்க வேண்டும், வேலையும் செய்திருக்கிறது. நீங்கள் மட்டும் போட்டுக்கொண்டீர்கள், அவ்வளவுதான். நாலு கதவு உள்ள வீட்டில் ஒன்றை மட்டும் பூட்டிய கதை. மறுபடி தொற்றும்போது உடம்பு காத்திருக்காது, ஒன்றிரண்டு நாளிலேயே அரிக்கத் தொடங்கிவிடும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. நான்கு பேரும் சேர்ந்து போய் ஒரு டாக்டரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையின் தோல் பிரிவு போதும். பிறகு ஒரு சனிக்கிழமை இரவைக் குறித்துக்கொண்டு, அரிப்பு இருக்கிறதோ இல்லையோ, நாலு பேரும் அதே இரவில் மருந்து போட வேண்டும். அடிக்கடி உங்கள் கட்டிலில் வந்து படுக்கும் பக்கத்து அறை நண்பன் இருந்தால் அவனும். உடல் நெருக்கம் உள்ள துணை யாராவது இருந்தால் அவரும். டாக்டர்களான எங்களிடம் பலர் சொல்லக் கூச்சப்படும் விவரம் இது, ஆனால் இது விட்டுப்போனால் மற்ற எல்லாம் வீண்.

பெரும்பாலும் தருவது பெர்மெத்ரின் 5 சதவீத கிரீம். தடவுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கொப்புளம் உள்ள இடத்தில் மட்டும் தொட்டு வைப்பதற்கான மருந்து அல்ல இது. கழுத்திலிருந்து பாதம் வரை ஓர் அங்குலம் விடாமல் தடவ வேண்டும். விரல் இடுக்கு, அக்குள், தொப்புள், பிறப்புறுப்பு, பிட்ட இடுக்கு, உள்ளங்கால், நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு நகத்தின் அடியிலும். பெரிய ஆளுக்கு ஒரு முறைக்கு 30 கிராம் அளவு ஆகும். ஒரு சின்ன டியூபை நாலு பேர் பங்கு போட்டால் கதை மறுபடி முதலிலிருந்து. முதுகுக்கு ரூம்மேட் உதவட்டும். வெந்நீரில் குளித்த உடனே தடவாதீர்கள், உடம்பு ஆறி உலரட்டும். எட்டு மணி நேரமாவது இருக்க வேண்டும், அதனால்தான் இரவு. நடுவில் கை கழுவினால் கைக்கு மறுபடி தடவுங்கள். காலையில் குளித்துவிட்டுத் துவைத்த உடை போடுங்கள். ஒரு வாரம் கழித்து இதே போல இரண்டாம் முறை. அரிப்பு நின்றுவிட்டதே என்று இரண்டாம் முறையை விட்டுவிடாதீர்கள்.

ஐவர்மெக்டின் மாத்திரையும் இருக்கிறது. எடைக்கு ஏற்ற அளவு. 60 கிலோ ஆளுக்கு 12 மில்லிகிராம், சாப்பாட்டோடு ஒரு முறை, ஒன்றிரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. நிறையப் பேர் சேர்ந்து வாழும் இடத்தில் கிரீமைவிட இதுதான் நடைமுறைக்கு எளிது. ஆனால் டாக்டர் எழுதித் தர வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கும் கொடுப்பதில்லை.

மெத்தையைத் தூக்கி எறியலாமா, கொளுத்தலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கென்னத் மெல்லன்பி என்பவர் இதை ஆராய்ந்தார். போருக்குப் போக மறுத்த இளைஞர்கள் சிலர் அதற்குத் தன்னார்வலர்களாக வந்தார்கள். சிரங்கு பிடித்த படைவீரர்களின் போர்வையையும் உள்ளாடையையும் பயன்படுத்த வைத்துப் பார்த்ததில், அப்படித் தொற்றியது மிக அபூர்வம். நோயாளியோடு ஒரே படுக்கையில் படுத்தபோதுதான் பரவியது. தோலோடு தோல் சற்று நீண்ட நேரம் உரச வேண்டும். ஒரே மொபைலில் நாலு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படம் பார்ப்பதும், இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டு மூன்று பேர் படுப்பதும் அதற்குப் போதும்.

மனித உடம்பை விட்டு வெளியே உண்ணி இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது. அதனால் கடைசி மூன்று நாளில் பயன்படுத்திய பெட்ஷீட், துண்டு, கைலி, உள்ளாடைகளை மட்டும் மருந்து போட்ட மறுநாள் காலை சூடான தண்ணீரில் துவையுங்கள். வெந்நீர் கிடைக்காத ஹாஸ்டல் என்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கக் கட்டி ஒரு வாரம் வைத்துவிடுங்கள், போதும். அறைக்கு மருந்து அடிக்கத் தேவையில்லை. துண்டு மட்டும் ஆளுக்கு ஒன்று.

அந்த மெடிக்கல் ஷாப் களிம்பை இன்றே நிறுத்துங்கள். கவுண்டரில் அரிப்புக்கு என்று எடுத்துக் கொடுப்பவற்றில் பல, ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் கலந்தவை. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், உண்ணியைக் கொல்லாது. தடிப்பின் உருவமும் மாறிவிடுவதால் அனுபவமுள்ள டாக்டரே தடுமாறும்படி ஆகிவிடும். தொடை இடுக்கில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து வரிவரியாகக் கிழிந்த தழும்பு விழும், அது போகவே போகாது. என்னிடம் வரும் ஹாஸ்டல் பிள்ளைகளில் இந்தக் களிம்பைப் போடாமல் வந்தவரைப் பார்ப்பது அரிது.

மருந்து போட்ட பிறகும் இரண்டு மூன்று வாரம், சிலருக்கு நாலு வாரம்கூட, அரிப்பு இருக்கும். செத்த உண்ணியின் மிச்சம் தோலோடு உதிரும் வரை ஒவ்வாமை விடாது. பயந்துபோய் தினமும் பெர்மெத்ரின் தடவினால் அந்தக் கிரீமே எரிச்சலைக் கொடுக்கும். ராத்திரி தூங்க முடியாவிட்டால் அரிப்பை அடக்கும் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாகக் கொப்புளம் கிளம்பினாலோ, நாலு வாரம் தாண்டியும் அரிப்பு நிற்காவிட்டாலோ மறுபடி காட்ட வேண்டும்.

மூட்டைப்பூச்சியாக இருக்குமோ என்றால், அது உடை மூடாத இடத்தில், கை கால் கழுத்தில், வரிசையாகக் கடித்துத் தடிப்பு போடும். கட்டில் சந்திலும் மெத்தைத் தையலிலும் கறுப்புப் புள்ளி தெரியும். இரண்டும் ஒரே அறையில் இருப்பதும் உண்டு.

வார்டனிடம் சொல்லுங்கள். அசுத்தமானவர்களுக்கு வருவது என்ற நினைப்பில்தான் எல்லோரும் மறைக்கிறார்கள். தினம் இரண்டு வேளை குளிப்பவருக்கும் வரும், சோப்பு உண்ணியைக் கொல்லாது. உலகில் எந்த நேரத்திலும் 20 கோடிப் பேருக்கு மேல் இது இருப்பதாகக் கணக்கு. உலக சுகாதார நிறுவனமே 2017-ல் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. வேறு அறைகளிலும் சொறிகிறார்கள் என்றால் அந்தத் தளத்துக்கே ஒரே நாளில் மருந்து கொடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

சொறிந்த இடத்தில் சீழ் கட்டினாலோ காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காதீர்கள். சொறிந்த புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி புகுந்தால் சில வாரம் கழித்துச் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், சிறுவர்களுக்கு முக்கியமாக. முகம் வீங்கினால், சிறுநீர் டீ நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனை.

பொங்கலுக்குப் போகலாம். அதற்குள் இரண்டு முறையும் மருந்து போட்டு முடியும்படி நாள் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் போடும் அதே வாரத்தில் வீட்டில் தங்கை, அம்மா, அப்பா எல்லோரும் டாக்டரைப் பார்த்துப் போடட்டும். தாத்தா பாட்டி இருந்தால் அவர்களுக்குத் தலை, முகத்துக்கும் சேர்த்துத் தடவ வேண்டியிருக்கும். அக்கா தீபாவளிக்கும் வந்திருந்து உங்களோடு தங்கினார் என்றால் குழந்தையைக் கட்டாயம் காட்டச் சொல்லுங்கள். கைக்குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலையில்கூடக் கொப்புளம் வரும். இரண்டு மாதம் தாண்டிய குழந்தைக்குப் பெர்மெத்ரின் போடலாம், கண், வாயைத் தவிர்த்துத் தலையிலிருந்தே. விரல் சூப்பும் குழந்தை என்றால் கையில் சின்னத் துணி உறை மாட்டிவிடச் சொல்லுங்கள்.