பாஸ்வேர்டை எழுதி வைத்த அக்கா

வணக்கம் சார்,

எங்கள் அலுவலகத்தில் 45 நாளுக்கு ஒரு முறை பாஸ்வேர்டை மாற்றியாக வேண்டும். சீனியர் அக்கா ஒருவர் அதைத் துண்டுச் சீட்டில் எழுதி கீபோர்டுக்கு அடியில் ஒட்டி வைத்திருந்தார். மேலாளர் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார். இணையக் குற்றங்கள் பெருக மக்களின் இந்த அலட்சியம்தானே காரணம்?

க., ஈரோடு

அன்புள்ள க.,

நான் அந்த அக்கா பக்கம்தான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஆன் ஆடம்ஸ், ஏஞ்சலா சாஸ் இருவரும் 1999-லேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். ஊழியர்களிடம் கேட்டுப் பார்த்தபோது, நினைவில் நிற்காத அளவுக்குப் பாஸ்வேர்டுகளைச் சுமத்தி, அவற்றை அடிக்கடி மாற்றவும் சொல்வதால்தான் எழுதி வைக்கிறார்கள் என்று தெரிந்தது.

சரி, அப்படி மாற்றுவதால் பாதுகாப்பாவது கூடுகிறதா? அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று விதி இருந்தது. அங்கே பயன்பாட்டில் இல்லாத 7,700-க்கும் மேற்பட்ட கணக்குகளின் பழைய பாஸ்வேர்டுகளை எடுத்து ஆராய்ந்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். முந்தைய பாஸ்வேர்ட் தெரிந்திருந்தால், 17 சதவீதக் கணக்குகளில் அடுத்ததை ஐந்தே முயற்சிக்குள் ஊகித்துவிட முடிந்தது. ஏனென்றால், கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டுவார்கள், இல்லாவிட்டால் பெரிய எழுத்தை ஓர் இடம் தள்ளி வைப்பார்கள். அந்தப் பல்கலைக்கழக விளையாட்டு அணியின் பட்டப்பெயர் டார்ஹீல்ஸ் (tarheels). ஆய்வுக் கட்டுரையே அந்தப் பெயரைத்தான் உதாரணம் காட்டுகிறது: முதலில் இரண்டாம் எழுத்து பெரிதாகும் (tArheels), அடுத்த முறை மூன்றாம் எழுத்து (taRheels). உங்கள் அலுவலகத்திலும் இதுதான் நடந்துகொண்டிருக்கும்.

எண், குறியீடு, பெரிய எழுத்து என்ற விதிகளைப் பரப்பியதில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் வெளியிட்ட வழிகாட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. அதை எழுதிய பில் பர், அதில் பலவற்றுக்காக வருந்துவதாக 2017-ல் பேட்டி கொடுத்தார். அதே ஆண்டில் நிறுவனமும் புது வழிகாட்டி வெளியிட்டது. நாள் கணக்கு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள், பாஸ்வேர்ட் கசிந்ததற்கு ஆதாரம் இருந்தால் மட்டும் மாற்ற வையுங்கள் என்கிறது அது. இதை உங்கள் மேலாளரிடம் காட்டுங்கள்.

சீட்டு கீபோர்டுக்கு அடியில் இருக்கக் கூடாதுதான். கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எனக்குக் கவலையெல்லாம் அந்தத் திட்டைப் பற்றித்தான். நாளைக்கே அந்த அக்கா ஏதோ ஒரு போலி லிங்க்கைத் தொட்டுவிட்டால், உடனே வந்து சொன்னால்தான் சேதத்தைத் தடுக்க முடியும். இத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டவர் வந்து சொல்வாரா? மேலாளர் அவரிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும், அதுவும் எல்லார் முன்னாலும்.