ஐந்து நாளா, எட்டு நாளா?

அன்புள்ள அக்காவுக்கு,

அயர்லாந்தின் டிங்கிள் தீபகற்பத்தை நீங்களும் உங்கள் தங்கையும் நடந்தே சுற்றியது பற்றி எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. என் வயது 52. பதினோரு வருடமாகத் தைப்பூசத்துக்கு ஈரோட்டிலிருந்து பழனிக்கு நடக்கிறேன், மூன்று நாளில் போய்ச் சேர்ந்துவிடுவேன். மகள் டப்ளினில் படிக்கிறாள். அடுத்த வருடம் நானும் மனைவியும் அவளைப் பார்க்கப் போகிறோம். டப்ளின் போக மிச்சம் இருப்பது ஐந்து நாள். டிங்கிள் வே என்கிற அந்த நடைபாதை முழுச் சுற்று 160 கி.மீ. சொச்சம், நாளுக்கு 33 வீதம் ஐந்து நாளில் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. மனைவியோ, "அவ்வளவு அவசரமாகப் போவதென்றால் காரிலேயே ஒரு நாளில் சுற்றிவிட்டு வரலாமே, எதற்கு நடக்கணும்?" என்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது? எந்த மாதம் போகலாம்? இருவரும் சைவம், சாப்பாட்டுக்கு என்ன வழி? பிராண்டன் மலையை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள், அங்கே என்ன நடந்தது?

கே.,
ஈரோடு

அன்புள்ள கே.,

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. நாளுக்கு 33 கி.மீ. ஓடுவதாக இருந்தால் காரில் போவதே மேல், நிஜமாகவே சொல்கிறேன். ஸ்லே ஹெட் சாலையில் வண்டியை ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தாலும் அது அதே கடல்தான். நடக்கிறவருக்கு மட்டும், அதுவும் மெதுவாக நடக்கிறவருக்கு மட்டும் கண்ணில் படுகிற சில விஷயங்கள் அந்தக் கரையில் இருக்கின்றன. உங்கள் மனைவிக்குச் சொல்ல வேண்டிய பதில் அதில்தான் இருக்கிறது.

முதலில் அந்தக் கணக்கு. பழனிக்குப் போவது தார்ச்சாலையில், பெரும்பாலும் சமதரை, வழியெல்லாம் மோரும் அன்னதானமும், முன்னும் பின்னும் ஆயிரம் பேர். டிங்கிளில் ஒரு மணி நேரத்துக்குள் நான்கு கல்சுவர் ஏறி இறங்க வேண்டியிருக்கும். சுவரிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் கல்லில் கால் வைத்து ஏறி, மறுபக்கம் ஈரக் கல்லில் பின்பக்கமாக இறங்கணும், முதுகில் பை இருக்கும். அப்புறம் சதுப்பு. பழுப்பாக, குத்துச்செடி முளைத்த இடம் ஓரளவு தாங்கும். பளிச்சென்று பச்சையாகப் பாசி படர்ந்திருந்தால் அங்கே கால் வைக்காதீர்கள், முழங்கால் வரை இறங்கிவிடும். மணிக்கு 5 கி.மீ. நடக்கிற கால் இந்த இடங்களில் 2 கி.மீ. நடந்தாலே பெரிது. மேற்கிலிருந்து வரும் மழை அங்கே மேலிருந்து விழாது, பக்கவாட்டில் அடிக்கும். வழக்கமாக இந்தச் சுற்றுக்கு எட்டு நாள் என்று வகுத்திருக்கிறார்கள் என்றால் அது சோம்பேறிகளுக்கான கணக்கு இல்லை, அந்தத் தரைக்கான கணக்கு.

சரி, உங்களிடம் இருப்பது ஐந்து நாள்தான். என் யோசனை, இரண்டு ஓரங்களையும் வெட்டிவிடுங்கள், நடுவில் அவசரப்படாதீர்கள். ட்ராலியிலிருந்து கேம்ப் வரையிலான முதல் நாள் பெரும்பாலும் மலையடிவாரச் சதுப்பு. அதை விட்டுவிடுவதால் பெரிய இழப்பில்லை. கடைசியில் கிளோஹானிலிருந்து கேஸில்கிரெகரிக்கு 29 கி.மீ., அதில் பெரும்பகுதி ஒரே மணற்கரை. என் தங்கைக்கு அந்த நாள்தான் எல்லாவற்றிலும் பிடித்த நாள், எனக்கு அந்த நீளம் அலுத்துவிட்டது. டப்ளின் ஹூஸ்டன் நிலையத்திலிருந்து ட்ராலிக்கு ரயிலில் நாலு மணி நேரம் ஆகும். அங்கிருந்து டிங்கிள் போகும் பஸ்ஸில் ஏறி அன்னஸ்காலில் இறங்கிவிடுங்கள்.

அன்னஸ்காலில் 'சவுத் போல் இன்' என்று ஒரு மதுக்கடை இருக்கிறது. குடிக்காதவர்களும் உள்ளே போய்ச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்துவிட்டு வரலாம், நாங்கள் அப்படித்தான் போனோம். அதைத் தொடங்கியவர் டாம் கிரீன், அந்த ஊர் விவசாயி வீட்டுப் பிள்ளை, தென்துருவப் பயணிகள் ஸ்காட்டுடனும் ஷாக்கில்டனுடனும் மூன்று முறை அண்டார்டிகா போனவர். 1912-இல் உடன் வந்த அதிகாரி நடக்க முடியாமல் விழுந்தபோது, இன்னொருவரைத் துணைக்கு விட்டுவிட்டு இவர் தனியாக 56 கி.மீ. பனியில் 18 மணி நேரம் நடந்து போய் ஆள் கூட்டி வந்து காப்பாற்றியிருக்கிறார். ஊருக்குத் திரும்பிய பிறகு அதைப் பற்றி அதிகம் பேசியதே இல்லையாம். ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் நடக்க அவருக்கு ஒரு உயிர் காரணமாக இருந்தது. உங்களுக்கும் எனக்கும் அப்படி ஒரு காரணம் இல்லையே, கே.

அன்னஸ்காலிலிருந்து டிங்கிள் 22 கி.மீ. வழியில் மினார்டில் இடிந்த கோட்டையும் அதன் கீழே யானைக்குட்டி அளவு உருண்டைக் கற்கள் குவிந்த கரையும் வரும், அங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள். மறுநாள் டிங்கிளிலிருந்து டன்குவின், 20 கி.மீ. இந்த ஒரு நாளுக்காகவே நான் மறுபடியும் விமானம் ஏறுவேன்.

வென்ட்ரியில் கொஞ்ச நேரம் மணலில் நடந்துவிட்டுப் பாதை ஈகிள் மலையின் இடுப்புக்கு ஏறுகிறது. கீழே கார்கள் போகும் சாலை, அதற்கும் கீழே கடல். நீங்கள் நடப்பது மேலே, கல்சுவரை ஒட்டி. கருப்புக் கம்பத்தில் மஞ்சள் நிற நடக்கும் மனிதன், அதுதான் வழிகாட்டி. அந்தச் சரிவில் தேன்கூடு மாதிரி குவிந்த கல் வீடுகள் இருக்கின்றன, 'க்ளோகான்' என்பார்கள். காரை, சாந்து எதுவும் இல்லாமல் கல்மேல் கல் வைத்து ஒவ்வொரு வரிசையையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி மேலே மூடியிருக்கிறார்கள். மறுநாள் பாதையை விட்டுச் சற்று விலகிப் போய் கலரஸ் என்ற சின்னத் தொழுகைக்கூடத்தைப் பார்த்தோம், கவிழ்த்து வைத்த படகு மாதிரி இருக்கும். அதுவும் அதே முறைதான். வெளிச்சுவரில் கை வைத்துத் தடவிப் பார்த்தால் ஒவ்வொரு கல்லும் வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்திருப்பது தெரிகிறது, மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடுவதற்காக. எட்டாம் நூற்றாண்டா, பன்னிரண்டா என்று அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு இருக்கிறது. நாங்கள் போனபோது நல்ல மழை, உள்ளே தரை காய்ந்து கிடந்தது.

அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. சாயங்காலம் வெயில் சாய்ந்து அடிக்கும்போது அந்த மலைச்சரிவுகளில் வரிவரியாகக் கோடுகள் எழுந்து வரும். மத்தியானத்தில் அதே சரிவைப் பார்த்தால் வெறும் புல். முதலில் செம்மறி நடந்த தடம் என்று நினைத்தேன். தங்கைதான், "அக்கா, பாத்தி மாதிரி இருக்கு பாரு" என்றாள். பாத்தியேதான். கடற்பாசியையும் மணலையும் கூடையில் சுமந்து மேலே கொண்டுபோய்ப் போட்டு, அதன்மேல் புல்லோடு மண்ணை மண்வெட்டியால் புரட்டி மூடி, உருளைக்கிழங்கு நட்ட மேட்டுப்பாத்திகள். 1845-இல் கிழங்கில் அழுகல் நோய் வந்தது, அடுத்தடுத்த வருடங்களிலும் விளைச்சல் போனது. அந்தப் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கு மேலும் ஆட்கள் கப்பல் ஏறினார்கள். அவ்வளவு உயரத்தில், ஆடுகூடத் தடுமாறும் சரிவில், ஒருத்தர் பாசி சுமந்து ஏறியிருக்கிறார் என்றால் கீழே அவருக்கு நிலம் இல்லை என்று அர்த்தம். அந்தப் பாத்திகளைத் தாண்டி நடக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. காரில் போகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெயில் சாயும் நேரத்தில் அந்தச் சரிவில் நின்றால்தானே பார்க்க முடியும், அதற்கு நாள் முழுக்க அங்கேயே இருந்திருக்க வேண்டும்.

அன்று இரவு டன்குவினில் தங்குங்கள். எதிரே கடலில் பிளாஸ்கெட் தீவுகள், அதில் ஒன்று மல்லாந்து படுத்த மனிதன் மாதிரியே இருக்கும், 'செத்த மனிதன்' என்றே அதற்கு ஊரில் பெயர். பெரிய பிளாஸ்கெட்டில் 1916-இல் 176 பேர் இருந்தார்கள். மருத்துவர் இல்லை, கடை இல்லை, தார் பூசிய துணிப்படகில்தான் கரைக்கு வர வேண்டும். 1947 ஜனவரியில் ஒரு இளைஞன் மூளைக்காய்ச்சலில் செத்தான், புயலில் மருத்துவரால் தீவுக்குப் போகவே முடியவில்லை. அதே வருடம் ஏப்ரலில், புயலில் சிக்கியிருக்கிறோம், சாப்பிட ஒன்றும் இல்லை, உணவு அனுப்புங்கள் என்று பிரதமர் டி வலேராவுக்குத் தந்தி அடித்தார்கள். 1953 நவம்பரில் மிச்சமிருந்த 22 பேரையும் கரைக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். இவ்வளவு சின்ன இடத்திலிருந்து, மீன் பிடித்து, அடுப்பெரிக்கச் சதுப்பு மண்கட்டி வெட்டி வாழ்ந்தவர்களிடமிருந்து, ஐரிஷ் மொழிக்கு ஒரு இலக்கியமே வந்திருக்கிறது. தோமாஸ் ஓ கிரிஹின் தன் வாழ்க்கையைத் தானே எழுதினார், 1929-இல் புத்தகமாக வந்தது. பெக் சேயர்ஸ் சொல்லச் சொல்ல அவர் மகன் எழுதிக்கொண்டார். பெக் பிறந்தது டன்குவினில், அடக்கம் செய்யப்பட்டதும் அங்கேதான், தீவு தெரியும் இடத்தில்.

அதனால் மூன்றாவது நாள் நடக்கவே வேண்டாம். கோடையில் கடல் அமைதியாக இருந்தால் படகு போகும். தீவில் கூரையில்லாத வீடுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டு வாருங்கள். படகு போகாவிட்டால் ஊரில் பிளாஸ்கெட் மையம் இருக்கிறது, அதுவே அரை நாள் ஆகும்.

இப்போது பிராண்டன். டன்குவினிலிருந்து ஃபியோஹனா பக்கம் வந்து தங்கினோம், மறுநாள் அந்த மலையின் தோளைத் தாண்டி கிளோஹான் போக வேண்டும். மலை 952 மீட்டர், பாதை தாண்டுவது சுமார் 650 மீட்டரில். உங்களுக்கு இது பிடிக்கும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் இதுவும் யாத்திரை மலை. கடலோடித் துறவி பிரெண்டன் பெயரில் மக்கள் காலங்காலமாக ஏறுகிறார்கள், வென்ட்ரி கரையிலிருந்து மலையடி வரை 18 கி.மீ. 'புனிதர்களின் பாதை' என்றே ஒன்று இருக்கிறது. காலையில் தங்கியிருந்த வீட்டம்மா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "மலை தொப்பி போட்டிருக்கு, இன்னைக்கு வேண்டாம்" என்றார். நாங்கள் கேட்கவில்லை. மேலே போகப் போக மேகம் இறங்கி வந்தது. ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் தெரியவில்லை. நான் கம்பத்தைத் தொட்டுக்கொண்டு நிற்க, தங்கை பத்தடி முன்னால் போய்க் கூப்பிட, இப்படியே கொஞ்ச தூரம். அப்புறம் அவள் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே எனக்குப் புரியாமல் போனது. மறுபக்க இறக்கம் செங்குத்து, வழுக்கும் என்று படித்திருந்தோம். திரும்பிவிட்டோம். அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை, எங்கள் காலுறைகளை வாங்கி அடுப்புப் பக்கம் காயப் போட்டார். டாக்ஸியில் கானர் கணவாய் வழியாகக் கிளோஹான் போய்ச் சேர்ந்தோம். நாங்கள் தாண்டாமல் திரும்பிய அந்த மலைத்தோளின் உச்சியில் ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்து வெட்டிய கல் ஒன்று நிற்கிறது, அதைப் பார்க்காமல் வந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அந்த வருத்தத்தால்தான் அன்று ஒரே வரியில் எழுதினேன்.

மற்றவை சுருக்கமாக. மே, ஜூன் நல்லது, ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம். ஜூலைக்கு மேல் போனால் வேலியெல்லாம் சிவப்பு ஃப்யூஷியா தொங்கும், ஐரிஷில் அதற்குக் 'கடவுளின் கண்ணீர்' என்று பெயர். சைவம் என்று அறை பதியும்போதே சொல்லிவிடுங்கள், காலையில் ஓட்ஸ் கஞ்சி, பழுப்பு ரொட்டி, வெண்ணெய், கெட்டியான பால் டீ தாராளமாகக் கிடைக்கும். கருப்பு புட்டிங் என்று தட்டில் வைத்தால் அதில் ரத்தம் சேர்ந்திருக்கும், கவனம். மத்தியானத்துக்கு டிங்கிளிலேயே வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிகளை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆட்கள் இருக்கிறார்கள், அந்தக் காசைக் கணக்குப் பார்க்காமல் கொடுங்கள். ஷெங்கன் விசா அயர்லாந்துக்குச் செல்லாது, தனியாக எடுக்க வேண்டும். மேற்கே பலகைகள் ஐரிஷில்தான் இருக்கும், டன்குவினைத் தேடினால் 'டூன் கீன்' என்று எழுதியிருக்கும், இரண்டு பெயரும் போட்ட வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள். பாதை பல இடங்களில் விவசாயிகளின் நிலத்தில் அவர்கள் அனுமதியால் போகிறது, அதனால் திறந்த கதவைத் திறந்தபடியும் மூடிய கதவை மூடியும் விட்டுவிட்டுப் போங்கள்.

மகளிடம் பேசி டப்ளினில் ஒரு நாளைக் குறைத்து, ஃபியோஹனாவில் இரண்டு இரவு போட்டுக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். முதல் நாள் மலை தொப்பி போட்டிருந்தால் இரண்டாம் நாள் ஏறலாம். அந்த ஓகம் கல்லைப் பார்த்தால் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா