ஞாயிற்றுக்கிழமை உருண்டையும் வீட்டுக் கணக்கும்

கேள்வி: இத்தாலியில், பலெர்மோவில் இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள். நான் முன்பு பராமரித்த சிசிலிய அம்மா ஒருவர், தக்காளிக் குழம்பில் வேகவைக்கும் இறைச்சி உருண்டையை எனக்குப் பழக்கிவிட்டார். இங்கே போல்பெத்தே என்பார்கள். ஞாயிறுதோறும் அது இல்லாமல் பிள்ளைகள் விடமாட்டார்கள். ஒருமுறைக்கு 23 யூரோ ஆகிறது. சாப்பாட்டுச் சாமானுக்கே மாதம் 650 யூரோ. ஊருக்கும் காசு அனுப்ப வேண்டும். உருண்டையை மாதம் ஒருமுறை என்று குறைக்கவா?

பதில்: வேண்டாம் சகோதரி. நீங்கள் எழுதிய பில்லைப் பார்த்தேன். மாட்டிறைச்சி 1 கிலோ 13 யூரோ, ரெடிமேட் சோஸ் இரண்டு போத்தல் 6, துருவிய பார்மிஜானோ சீஸ் பாக்கெட் 2.80, ரொட்டித்தூள் 1.20. இது கடைக்காரன் சொல்லித்தந்த சமையல். அந்த அம்மா இப்படிச் செய்திருக்க மாட்டார். போல்பெத்தே என்பது ஏழை வீட்டுச் சாப்பாடு. கொஞ்ச இறைச்சியை நிறையப் பேருக்குப் பங்கிட, மிஞ்சிய பாணைச் சேர்த்துப் பிசைந்தார்கள். இறைச்சியே போடாமல் பாண், முட்டை, சீஸ் மட்டும் சேர்த்து உருட்டுவதும் அங்கே உண்டு.

ஆகவே, இறைச்சி 600 கிராம் போதும். மாடும் பன்றியும் பாதிப் பாதி கலந்து அரைத்தது வாங்குங்கள்; விலையும் குறைவு, கொழுப்பு இருப்பதால் உருண்டை மெதுவாகவும் இருக்கும். முந்தாநாள் பாண் கால் கிலோவைப் பாலில் ஊறவைத்து, கைக்குள் அடக்கி நன்றாகப் பிழியுங்கள். பால் சொட்டினால் உருண்டை குழம்பில் உடைந்துவிடும். சீஸுக்கு உள்ளூர் பெக்கோரினோ (செம்மறியாட்டுப் பால் சீஸ்) ஒரு துண்டு வாங்கி வீட்டில் துருவுங்கள். சோஸ் போத்தலுக்குப் பதில் வெறும் தக்காளிப் பாசாட்டா (வடிகட்டிய தக்காளிக் கூழ்), வெங்காயம், உள்ளி. உலர்திராட்சை போடலாம், பைன் கொட்டை விலையைக் கேட்டாலே நெஞ்சடைக்கும், விடுங்கள். எல்லாம் சேர்த்து 11 யூரோவைத் தாண்டாது. மாதத்துக்கு 50 யூரோ அளவில் கையில் நிற்கும்.

காய்கறிக்கு பல்லரோ சந்தைக்குப் போங்கள், அதுவும் கடை கட்டும் நேரத்தில். கூவிக்கூவி விற்பவரின் குரல் இறங்கும்போது விலையும் இறங்கும். சூப்பர்மார்க்கெட்டில் பெரிய எழுத்து விலையைப் பார்க்காதீர்கள்; அதே அட்டையில் சின்ன எழுத்தில் கிலோ விலை இருக்கும், அது போட வேண்டும் என்பது சட்டம். 'சலுகை' ஒட்டிய சின்னப் பாக்கெட்டுகளின் வண்டவாளம் அங்கே தெரியும்.

சரி, இப்போது பெரிய காசுக்கு வருவோம். பிள்ளைகளுக்கு மாதாமாதம் வரும் அசெஞ்ஞோ உனிக்கோ உதவித்தொகை பற்றி நீங்கள் எழுதவே இல்லை. வருமானமும் சொத்தும் காட்டும் ஈசே சான்று டிசம்பர் 31 உடன் காலாவதியாகிவிடும். புதுப்பிக்காவிட்டால், குறைந்த வருமானக் குடும்பத்துக்குப் பிள்ளைக்கு 200 யூரோ அளவில் வரக்கூடிய தொகை மார்ச்சிலிருந்து 60க்கும் கீழே இறங்கிவிடும். இரண்டு பிள்ளைக்கு எவ்வளவு போகிறது என்று பாருங்கள்; உருண்டைக் கணக்கெல்லாம் அதற்கு முன் தூசு. ஜூன் 30க்குள் புதுப்பித்தால் விடுபட்டதும் சேர்ந்து வரும். அதற்குப் பின் போனால் பழைய பாக்கி கிடைக்காது. வரி, உதவித்தொகைப் பத்திரங்களை நிரப்பித்தரும் காஃப் (CAF) அலுவலகத்தில் இதை இலவசமாகவே செய்துதருவார்கள். போகும்போது வாடகை ஒப்பந்தம், வதிவிட அனுமதி, இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமான விவரம், அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று வங்கியில் இருந்த இருப்பு எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். கணவர் பெயரில் தனிக் கணக்கு இருந்தால் அதுவும் வேண்டும்.